இருபதாவது வரி

நீடாமங்கலம் லெவல் கிராசிங்கில்
மன்னார்குடி வண்டிக்காக கேட் இறங்கியிருக்கும்போது
மனசுக்குள் நாள் எண்ணுவேன்.
இன்று பன்னிரண்டு.
பதினைந்துக்குள் கட்ட வேண்டும்.

எங்கள் ரைஸ் மில்லில் பத்தொன்பது பேர்.
பதினேழாகக்கூட இருந்திருக்கிறது,
இருபது ஆனதே இல்லை.
பத்தைத் தொட்டால் இ.எஸ்.ஐ.,
இருபதைத் தொட்டால் பி.எஃப்.
மதகில் பலகை போட்ட வாய்க்கால் மாதிரி
ஆள் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

முதல் வரி உத்திராபதி, பாய்லர்.
ஆதாரில் உத்ராபதி,
பாஸ்புக்கில் உத்தராபதி,
அட்டையில் ஓர் எழுத்து குறைந்து
வேறு யாரோ.
நாலு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.
உமி தள்ளுவதென்னவோ ஒரே ஆள்.

ஆறாவது தையல்நாயகி, களம்.
நெல்லைத் தள்ளித் தள்ளி
கட்டைவிரல் ரேகை போய்விட்டது.
வருகைக் கருவி தினமும் சிவப்பு காட்டும்.
சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி வைப்பாள்.
கடைசியில் நான் பேனாவால் எழுதுவேன்:
வந்தார்.

பதினான்கும் பதினைந்தும்
ராம்பிரவேஷ், அவன் தம்பி.
சத் பூஜைக்கு ஊருக்குப் போனவர்கள்.
அவர்களுக்குப் பூஜ்யம் போட்டால்
பூஜ்யத்துக்கும் காரணம் கேட்கிறது ஒரு கட்டம்.
'விடுப்பு' என்று தேர்ந்தெடுத்தேன்.
இடுப்பளவு ஆற்றில் நிற்கிறார்கள் என்பதற்கு
அந்தப் பட்டியலில் எண் இல்லை.

நான்?
நான் எழுதுபொருள் செலவு.
மாதம் ஒன்பதாயிரத்து ஐநூறு, வவுச்சரில்.
ஆடிட்டர் ஒருமுறை கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
'ஒரு மில்லுக்கு இவ்வளவு பேனாவா?'
'நம்ம பாப்பா நிறைய எழுதும் சார்'
என்றார் முதலாளி.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கெட்டவர் இல்லை.
அரவைக் கூலி எட்டு மாதமாக வரவில்லை,
பேங்க்காரர் வந்தால் பின்வாசலைப் பார்ப்பார்.
அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில்
நாற்பதாயிரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து
'எழுதிக்காதே' என்றார்.
என் பெயரில் ஓர் அட்டை இருந்திருந்தால்
அந்தப் பணமே வேண்டியிருந்திருக்காது.
தெரியும். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு எல்லோருக்கும் போனஸ்
எட்டு புள்ளி மூன்று மூன்று.
எனக்கு ஒரு புடவை, ஒரு கவர்.
இந்த வருடம் கவரை வீட்டில் எண்ணினேன்:
ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு.
இனாமில் சில்லறை இருக்காது.
பன்னிரண்டால் பெருக்கி, புள்ளி வைத்து,
யாரும் இல்லாத நேரத்தில்
அவரே உட்கார்ந்து போட்டிருக்கிறார்.
அப்படியானால்
அவருடைய கணக்கிலும்
நாங்கள் இருபதுதான்.

அக்டோபர் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்.
பெயர்: செங்கமலவல்லி.
சேர்ந்த தேதி என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
இன்றைய தேதி போட்டால்
யாருக்கும் வலிக்காது.

கஜா புயலில் கூரைத் தகடு பறந்த மறு வாரம்
நனைந்த லெட்ஜர்களை வெயிலில் விரித்து
ஒட்டிய தாள்களைப் பிரிக்கத்தான்
முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.
அந்தத் தேதியைப் போட்டேன்.

மேலே பத்தொன்பது வரியிலும்
பன்னிரண்டு சதவீதம் திறந்துகொண்டது.
பாக்கி, வட்டி, தண்டம்
தனித்தாளில் கூட்டி அடியில் வைத்தேன்.
கூட்டியது நான்தான், ஆனாலும்
அடிவயிறு ஒருமுறை இழுத்தது.

முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்.
தாளின் முனையை மட்டும் தூக்கிக் காட்டுவேன்.
இன்று தூக்கவில்லை.
முழுத்தாளையும் அவர் முன்னால் விரித்தேன்.
விரல் வரிவரியாக இறங்கி
கடைசியில் நின்றது.
'செங்கமலவல்லியா…
யாரு இது, புது ஆளா?'

'பழைய ஆள்தான் சார்.'

பேனா மூடி ஒரு கையில்,
பேனா ஒரு கையில்.
நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.
வெளியே உத்திராபதி உமி தள்ளும் சத்தம்.
இன்று பதினான்கு.